பட்டனைத் தொடாத கை

ராயபுரம், திருப்பூர்
19.01.2026, திங்கள்

அன்புள்ள தமிழுக்கு,

பாய் எழுதுகிறேன். நீ போனை அணைத்து வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. எத்தனை தடவை அடித்தாலும் அந்தப் பெண் குரல் மூன்று மொழியில் நீ இல்லை என்றே சொல்கிறது. வெள்ளிக்கிழமை சாமளாபுரத்துக்கு நேரிலும் வந்தேன். உன் அக்கா ரங்காத்தாள் வாசலிலேயே நிறுத்தி, "அவன் யாரையும் பார்க்கறதில்லீங்க பாய், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்று ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கரண்ட் போய்த் தறி நின்றிருந்த நேரம். உள்ளே நீ இருமியது எனக்குக் கேட்டது. முப்பது வருஷமாகக் கேட்ட இருமல்.

அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பில் புத்தகத்துக்கு வெளியே நான் கையால் எழுதிப் பல வருஷம் ஆகிறது, எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள். உன் அக்கா தறிக்கு நூல் ஏற்றிவரும் டெம்போ டிரைவர் காசிமாயனிடம் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

முதலில் உன் மகள் வர்ஷினி சேதி. வலது கண்ணில் கட்டுப் பிரித்தாகிவிட்டது. வீக்கம் வடிந்திருக்கிறது. வெளிச்சம் வந்தால் தெரிகிறது என்கிறாள், உருவம் தெரியவில்லை. கோயம்புத்தூர் டாக்டர் இன்னொரு ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்குள் என்று குறித்திருக்கிறார். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் திரை சுருங்கிப்போகும், பிறகு கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை என்று என்னிடமும் உன் மனைவி தரணியிடமும் நேரடியாகவே சொன்னார். ஆக, இன்னும் மூன்று வாரம்.

நடந்ததை நான் ஒரு முறை எழுதிவிடுகிறேன். நீ அதை உன் தலைக்குள் வேறு மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பாய்.

ஜனவரி நாலாம் தேதி ஞாயிறு, என் புதுக் கடைத் திறப்பு. கூட்டத்துக்கு மேலே டீ-ஷர்ட்டைச் சுருட்டிக் காற்றால் சுட்டு வீச வேண்டும் என்பது என் ஆசை. கம்ப்ரஸர் வேலையில் உன்னை விட்டால் எனக்கு யார். நீ வேலை பார்க்கும் அருள்புரம் கம்பெனியில் கழித்துப் போட்ட சாமானை வைத்தே பதினைந்து நாளில் நீ பீரங்கி செய்தாய். வர்ஷினி அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்துப் பூ வரைந்தாள். தள்ளி நின்று ரிமோட்டில் சுடும்படி நீ வைத்ததும் பாதுகாப்புக்காகத்தான். ஆறு டீ-ஷர்ட் அருமையாகப் பறந்தது. ஏழாவதைப் போட வர்ஷினி பீரங்கியின் வாயருகே குனிந்தாள். நீ கீழே இருந்த டீ-ஷர்ட் கட்டை எடுக்கக் குனிந்தாய். உன் சட்டைப் பையில் இருந்த ரிமோட் அழுந்தியிருக்கும்.

இது உன் கை செய்த தப்பு இல்லை தமிழு. பை செய்த தப்பு. யாருக்கும் நடக்கும். உன் வீட்டில் யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. என் வீட்டுக்காரி ஜுவைரியா ஐந்து வேளையும் உங்கள் நாலு பேருக்காகத் துஆ கேட்கிறாள். நாலாவது ஆள் யார் என்றேன். "அந்தப் புள்ளையோட கண்ணு" என்றாள்.

கிளம்பி வா.

உன்
நஜீமுதீன்

*

சாமளாபுரம்
23.01.2026

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

தமிழ்செல்வன் எழுதிக்கொண்டது. உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் வந்த அன்று வெளியே வராததற்கு மன்னிக்க வேண்டும். வந்திருந்தால் உங்கள் காலில் விழுந்திருப்பேன், அது உங்களுக்குப் பிடிக்காது.

போனைக் கோபத்தில் அணைக்கவில்லைங்க பாய். என்னால் பட்டனை அமுக்க முடியவில்லை. எந்தப் பட்டனாக இருந்தாலும் விரல் பக்கத்தில் போனதும் கை ஆடுகிறது. அக்கா வீட்டில் லைட் சுவிட்சைக்கூடத் தொடுவதில்லை. காலையில் தறியை அக்காதான் போட்டுவிடுகிறது, நிறுத்தவும் அதுதான் வருகிறது. இருபத்தி மூணு வருஷம் மோட்டாரும் பேனலுமாக இருந்தவன். அக்கா சிரிக்க வைக்கப் பார்க்கிறது. "மவராசா, உனக்கு ஸ்டார்ட்டர் போட ஒரு ஆளு சம்பளத்துக்கு வெக்கணுமாட்ட இருக்குது" என்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பை செய்த தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். ரிமோட்டைப் பையில் போட்டது யாருங்க? வர்ஷினி வாயருகே போகும்போது அதைக் கீழே வைத்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். கையால் பூட்டுகிற ஒரு வால்வு வைக்க வேண்டும், ஒரு வாரம் கொடுங்கள் என்று உங்களிடம் கேட்டேன். திறப்புப் பத்திரிகை அடிச்சாச்சுப்பா என்றீர்கள். நானும் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் என்னுடையது.

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்கிறேன், தரணியிடம் சொல்ல வேண்டாம். குனிந்தபோது நெஞ்சில் ரிமோட் அழுந்தியதா என்று எனக்கு நினைவில்லை. அழுந்தின மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் சோப்புக்கட்டி வைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து பார்க்கிறேன். ஒரு நாளைக்கு நூறு தரம் இருக்கும். சில சமயம் அழுந்துகிறது, சில சமயம் இல்லை. அக்கா அந்தச் சட்டையை எடுத்து ஒளித்து வைத்துவிட்டது.

என் மகள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? அவள் ஒரு கண்ணால் என்னைப் பார்ப்பாள் அல்லவா.

ஆப்பரேஷனை நடத்திவையுங்கள். நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போல ஒரு ஆள் கூட நிற்க யாருக்குக் கிடைக்கும்.

உங்கள்
தமிழு

*

ராயபுரம்
26.01.2026

அன்புள்ள தமிழுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியாமல் குடோனுக்குள் போய்ப் படித்தேன்.

ஆப்பரேஷனை நடத்திவையுங்கள் என்று எழுதிவிட்டாய். நான் எப்படி நடத்துவது? உன் மகள் மாட்டேன் என்கிறாள். நேற்று உன் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

நானும் ஜுவைரியாவும் போயிருந்தோம். வர்ஷினி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கையெழுத்துப் பாரம் கட்டில்மேல் கிடந்தது. "என்ன கண்ணு, பேனா எழுதலையா?" என்றேன்.

"எழுதுதுங்க பாய் மாமா. நாந்தான் எழுதல."

"ஏன்?"

"எங்கப்பா பார்க்கவே மாட்டேங்கற மூஞ்சிக்கு எதுக்குங்க இன்னொரு ஆப்பரேஷன்?"

தரணி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள். "உங்கப்பன் வருவாருன்னு பார்த்துட்டு இருந்தா இருக்கற இன்னொரு கண்ணும் பூத்துப் போயிரும். கையெழுத்துப் போடுடி." வர்ஷினி பாரத்தைத் தள்ளிவிட்டாள். தரணி என்னிடம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, புள்ளைக்கு அடிபட்டா அப்பன் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். இவரு அக்கா ஊட்டுக்கு ஓடியிருக்கறாரு. எந்த ஊருல நடக்குமுங்க இது?"

வர்ஷினிதான் சொன்னாள்: "அம்மா, அப்பாவைத் திட்டாத. அவரு வேணும்னா பண்ணுனாரு?" சொல்லிவிட்டு, மெதுவாக, "அவருக்கு என்னைப் பார்த்தா அதுதான் ஞாபகம் வரும். இனி எப்பவும் அப்படித்தான் இருக்கும். அதுக்கு இந்தக் கண்ணு தெரியாமயே இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

இருபது வயதுப் பெண் தமிழு. உன் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது. உன்னையும் அவளையும் ஒரே அறையில் அடைத்துப் பூட்டினால் அரை மணி நேரத்தில் தீரும் விஷயம். ஆனால் நீ அங்கே, அவள் இங்கே. நடுவில் நான் ஒரு டெம்போவை நம்பிக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரிடம் தேதியைத் தள்ள முடியுமா என்று கேட்டேன். "நான் தள்ளலாங்க, கண்ணு தள்ளாது" என்றார். இன்னும் பதினாலு நாள்தான்.

அந்தச் சோப்புக்கட்டியைத் தூக்கிப் போடு. குனிந்து பார்ப்பதை நிறுத்து. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதை எழுத்தில் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். நேரில் வா, சொல்கிறேன். வந்தால் போதும்.

உன்
நஜீமுதீன்

*

சாமளாபுரம்
31.01.2026

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

கடிதத்தை அக்காவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதிக்கு மேல் அதனாலும் படிக்க முடியவில்லை.

வர்ஷினி சொன்னது சரிதானுங்க. அவளைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். அதைவிட, என்னைப் பார்த்தால் அவளுக்கும் அதுதான் வரும். அவள் வெளியே சொல்ல மாட்டாள். கல்யாணம் பேச வருகிறவர்கள் கேட்பார்கள், என்ன ஆச்சு என்று. அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் என்ன சொல்வாள்? ஏதாவது ஆக்ஸிடெண்ட் என்பாள், என்னைக் காப்பாற்றுவதற்காக. வாழ்நாள் முழுக்க ஒரு பிள்ளை தகப்பனைக் காப்பாற்றிப் பொய் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா. நான் இல்லை என்றால் அந்தப் பொய் வேண்டாம். தகப்பன் இல்லாத பிள்ளையை யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் கோபப்படுவீர்கள். ஆனால் நிதானமாகத்தான் எழுதுகிறேன். என் டூல்ஸ் பெட்டி அருள்புரம் கம்பெனி ரூமில் இருக்கிறது, சாவி தரணியிடம். பெட்டியை யாருக்காவது உபயோகப்படுகிறவனுக்குக் கொடுத்துவிடுங்கள், நல்ல சாமான்கள். ஸ்கூட்டர் ஆர்.சி. பீரோவில் வலது பக்க டப்பாவில் இருக்கிறது. வர்ஷினிக்குக் காலேஜ் முடிய இன்னும் ஒரு வருஷம். அவளை உங்கள் பெண்ணாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள்.

நேரில் சொல்கிறேன் என்றீர்களே, அது எதுவாக இருந்தாலும் பரவாயில்லைங்க. எனக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது வைத்திருப்பீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும்.

உங்கள்
தமிழு

*

ராயபுரம்
02.02.2026, திங்கள், காலை

தமிழு,

காசிமாயன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். "அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டீகளே" என்றான். "சொல்லுடா" என்றேன். "அந்தண்ணே மூணு நாளா ஒரு வாய் சோறு திங்கலயாம்ணே. அக்கா கெணத்து மேட்டுப் பக்கம் ஆளு போட்டுப் பாத்துக்கிட்டு இருக்குண்ணே. நீங்க என்னத்தையோ எழுதுறீக, அவரு என்னத்தையோ எழுதுறாரு. சீக்கிரமா ஒரு முடிவு பண்ணுங்கண்ணே" என்றான். அவனை டெம்போவோடு வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். இதை நீயே படி. அக்காவிடம் கொடுக்காதே.

உன் கை அதைச் செய்யவில்லை. உன் பையும் செய்யவில்லை. நீ எத்தனை முறை குனிந்தாலும் அது அழுந்தியிருக்காது. பீரங்கி வெடித்தது வேறொருவர் கையில் இருந்த ரிமோட்டால். அந்த ரிமோட்டை அவருக்கு விற்றது நான்.

வரிசையாகச் சொல்கிறேன்.

நவம்பரில் கோயம்புத்தூரில் ஒரு கடையைக் காலி செய்தார்கள். ரிமோட், அதற்கான ரிசீவர், பத்து செட். ஒன்றாக எடுத்தால் விலையைத் தள்ளித் தருகிறேன் என்றான் கடைக்காரன். நான் என்ன கேட்டேன் தெரியுமா? என் வாயில் என்ன வரும் என்று உனக்குத் தெரியும். காதர்பேட்டையில் இருபத்தைந்து வருஷம் குறையுள்ள செகண்ட்ஸ் பனியன் விற்றவன். இரண்டு லாட் துணி கலந்தால் சாயம் ஒத்துப்போகாது, உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறமாக நிற்கும், மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அதனால் எதை வாங்கினாலும் நான் கேட்பது ஒன்றுதான். அங்கேயும் கேட்டேன்: "எல்லாம் ஒரே லாட்தானே?" அவன் சொன்னான்: "ஒரே லாட்தானுங்க. ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசம் இருக்காது." சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

ஒன்றை எதிர்க்கடை சுப்பண்ணனுக்கு ஷட்டருக்குக் கொடுத்தேன். ஒன்றை உனக்குப் பீரங்கிக்குக் கொடுத்தேன். நீ அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாய். "பாய், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி நம்பர்தானுங்களே? இல்லைன்னா பக்கத்துல எவனாச்சும் அமுக்குனா இது வெடிச்சுரும்" என்றாய். நான், "கேட்டுட்டேன்ப்பா, எல்லாம் தனித்தனிதான்" என்றேன்.

நான் கேட்கவில்லை. அப்படி ஒன்றைக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. தெரியாது என்று உன்னிடம் சொல்லக் கூச்சம். வேலை நிற்கக்கூடாது, பத்திரிகை அடித்தாகிவிட்டது. அவ்வளவுதான், இதற்குமேல் காரணம் இல்லை.

அருள்புரத்தில் நீ சோதித்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. அங்கே சுப்பண்ணன் இல்லையே.

போகி அன்று, ஜனவரி பதினாலு, சுப்பண்ணன் கடைக்கு வந்தார். வர்ஷினியை விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அன்னைக்கு உங்க கடைத் திறப்பு நேரத்துல என்ற ஷட்டருக்குப் பேய் புடிச்சுப் போச்சுங்க பாய். நீங்க ஒரு துணியச் சுட்டா அது எறங்குது, இன்னொண்ணு சுட்டா ஏறுது. ஆறு தடவை. நானும் பார்த்தேன், கடுப்பாகிப் போயி, நானே ஒரு அமுக்கு அமுக்கினேன். அப்பத்தான் அந்தப் புள்ளை கத்துற சத்தம் கேட்டுது." அவருக்கு ஒன்றும் புரியவில்லை தமிழு. புரிந்திருந்தால் அதை டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்க மாட்டார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

பீரங்கி என் குடோனில்தான் இருந்தது. காற்று இல்லாமல், பேட்டரியை மட்டும் மாட்டிவிட்டு மறுநாள் காலை அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பொங்கலென்றும் பாராமல் ஒன்பது மணிக்குச் சுப்பண்ணன் ஷட்டர் கிறீச்சென்று ஏறியது. பீரங்கிக்குள் "டக்" என்றது. அதற்கு மறுநாளும் உட்கார்ந்தேன். ஷட்டர், டக். மூன்றாம் நாளும் உட்கார்ந்தேன், ஏதோ ஒரு நாளாவது சும்மா இருந்துவிடாதா என்று. டக்.

மூன்றாம் நாள் என்பது ஜனவரி பதினேழு. உனக்கு நான் முதல் கடிதம் எழுதியது பத்தொன்பது. தேதியைப் பார். "பை செய்த தப்பு" என்று எழுதினேனே, எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த வரியை எழுதினேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போலீசுக்குப் பயமா என்றால், கொஞ்சம். கடைப் பெயர் கெடும் என்று, கொஞ்சம். ஆனால் பெரிய காரணம் வேறு. நான் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தேன். பழி உன் மேல் கிடந்தால் அப்பனும் மகளும் பத்து நாளில் கட்டிப்பிடித்து அழுது சேர்ந்துகொள்வீர்கள், ரத்தம் பொறுத்துக்கொள்ளும். பழி என் மேல் விழுந்தால் பொறுக்க யாரும் இல்லை. நான் உங்கள் வீட்டுப் படி ஏற முடியாது. வர்ஷினி என்னைப் பாய் மாமா என்று கூப்பிட மாட்டாள். உன் தோளில் இருந்தால் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்து உன் தோளில் வைத்தேன். அது உன்னைக் கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் நினைக்கவில்லை. நான் செய்த வியாபாரத்திலேயே கேடுகெட்டது இது.

இத்துடன் இரண்டு ரிமோட் வைத்திருக்கிறேன். ஒன்று உன் பையில் இருந்தது. இன்னொன்று சுப்பண்ணனுடையது, பழுது பார்த்துத் தருகிறேன் என்று வாங்கினேன். நீ எதையும் அமுக்க வேண்டாம். பின்மூடியைக் கழற்றிப் பார், அது போதும். சுப்பண்ணனை ஒன்றும் சொல்லாதே, அவர் தன் ஷட்டரை இறக்கினார், அவ்வளவுதான். மீதி எட்டு செட்டும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. போலீசுக்குப் போவதானால் அதையும் நானே எடுத்துக்கொண்டு உன்னோடு வருகிறேன்.

தரணியிடமும் வர்ஷினியிடமும் நீதான் சொல்ல வேண்டும். நான் முந்திக்கொண்டு சொன்னால் அழுது சமாளித்துவிடுவேன், எனக்கு அந்தத் திறமை உண்டு.

ஒன்பதாம் தேதி. அதற்குள் போய் அவள் முன்னால் நில். என்னை என்ன வேண்டுமானாலும் செய். உயிரோடு இருந்து செய்.

நஜீமுதீன்

*

ராயபுரம்
07.02.2026, சனி

தமிழு,

ஐந்து நாளாகப் பதில் இல்லை.

காசிமாயனைத் துருவித் துருவிக் கேட்டேன். டெம்போ அருகில் நின்றே படித்தாய், இரண்டாம் முறையும் படித்தாய், ரிமோட்டை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு உள்ளே போனாய், அப்புறம் வெளியே வரவில்லை என்றான். "மூஞ்சி எப்படிடா இருந்துச்சு?" என்றேன். "அதச் சொல்லத் தெரியலண்ணே" என்றான். நேற்றுப் போய்வந்தவன், நீ அங்கே இல்லை என்கிறான். அக்கா எதுவும் சொல்லவில்லையாம்.

உன் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. தரணிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. நீ சொல்லிவிட்டாய், அதனால் எடுக்கவில்லை என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருக்கிறது. நீ எங்கேயோ போய்விட்டாய், அந்த அழுகையில் எடுக்கவில்லை என்று அடுத்த நிமிஷம் தோன்ற, மறுபடி நம்பரை அடிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், நோயாளிக்கு நீங்கள் என்ன வேணும் என்று கேட்கிறார்கள். என்ன வேணும் என்று சொல்ல?

திங்கட்கிழமை ஆப்பரேஷன். திட்டியாவது ஒரு வரி எழுது. காசிமாயன் இதை உன் அக்காவிடம் கொடுத்துவிட்டு வருவான். நீ இருக்கிறாய் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

நஜீமுதீன்

*

திருப்பூர்
17.02.2026

நஜீமுதீன் அவர்களுக்கு,

தமிழ்செல்வன் எழுதிக்கொண்டது.

உங்களுடைய இரண்டு கடிதமும் கிடைத்தது. தாமதத்துக்குக் காரணம் ஆஸ்பத்திரி.

ரிமோட் இரண்டையும் திறந்து பார்த்தேன். ஒரே நம்பர்தான். அன்றைக்கே திறந்து பார்த்திருக்க வேண்டும், ஒரு சின்ன ஸ்க்ரூதான். எந்த மெக்கானிக்கும் பார்ப்பான். கம்பெனியில் எவன் என்ன சொல்லிக் கொடுத்தாலும் நான் திறந்து பார்க்காமல் மாட்டியதில்லை. நீங்கள் சொன்னதை மட்டும் முப்பது வருஷத்தில் நான் ஒரு முறையும் திறந்து பார்த்ததில்லை.

ஐந்தாம் தேதி பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். வர்ஷினி கதவைத் திறந்தாள். "அப்பா, இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். சாப்பிட்ட பிறகு உங்கள் கடிதத்தைத் தரணியிடமும் அவளிடமும் படித்துக் காட்டினேன், ஒரு வரி விடாமல். தரணி எழுந்து உள்ளே போய்விட்டாள். வர்ஷினி, "அப்ப நீங்க இல்லையாப்பா?" என்றாள். நான் இல்லை கண்ணு என்றேன். அவள் பாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் தேதி ஆப்பரேஷன் முடிந்தது. இரண்டடி தூரத்தில் விரலை நீட்டினால் எண்ணுகிறாள். எழுத்துப் படிக்க வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த அளவாவது வந்தது தேதிக்குள் செய்ததால்தான் என்றும் சொன்னார். ஜனவரி பதினேழாம் தேதியே தெரிந்திருந்தால் நான் பதினெட்டாம் தேதியே வந்திருப்பேன். மூன்று வாரம் முன்பே செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்குமா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றார். வந்திருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

ஆப்பரேஷன் முடிந்த அன்று மதியம் அவளுக்கு வலி அதிகமானது. தரணி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டில் தலைமாட்டில் நர்ஸைக் கூப்பிடுகிற பட்டன் இருந்தது. அவள் முனகிக்கொண்டு என் கையைத் தேடினாள். அமுக்கிவிட்டேன். கை ஆடியதா என்று கவனிக்கவில்லை.

போலீசுக்குப் போகவில்லை. சுப்பண்ணனுக்கும் சொல்லவில்லை, அவர் சாகும்வரை அது அவருக்குத் தெரிய வேண்டாம். அந்த எட்டு செட்டையும் யாருக்கும் விற்காதீர்கள். உடைத்துப் போடுங்கள்.

உங்களைத் திட்ட வேண்டும் என்று இரண்டு முறை காகிதம் எடுத்தேன். வரவில்லை. நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதாமலே இருந்திருக்கலாம், எனக்கு எப்போதும் தெரிந்திருக்காது. எழுதினீர்கள், அதனால் நான் இருக்கிறேன். அதையும் நினைக்கிறேன். முதல் கடிதத்தையும் நினைக்கிறேன். இரண்டும் ஒரே கையெழுத்து. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வர்ஷினி உங்களை விசாரித்தாள். பாய் மாமா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை, சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

நாளையோ மறுநாளோ நோன்பு ஆரம்பம் என்று காலண்டரில் பார்த்தேன். முதல் நாள் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வராத வருஷம் இல்லை. இந்த வருஷம் அனுப்ப வேண்டாம். ஜுவைரியா அக்காவிடம் நான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் மேல் எங்களுக்கு ஒன்றும் இல்லை.

போன வருஷம் கஞ்சி வந்த தூக்குவாளி எங்களிடமே தங்கிவிட்டது. காசிமாயனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெறும் வாளியாக அனுப்பக்கூடாது என்று தரணி ஒரு கை சர்க்கரையோடு வந்தாள். வேண்டாம் என்றேன். அவள் சர்க்கரையைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டிவிட்டாள்.

கழுவித்தான் இருக்கிறது.

ப. தமிழ்செல்வன்